இரட்டைத் தண்டு மேப்பிள்

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அத்தான்தான் முதலில் சிவப்பார். லண்டன் கிங்ஸ்பரியில் அக்கா வீட்டுக் குசினி யன்னலால் பார்த்தால், பின் தோட்டத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்த தட்டையான சாடி ஒன்று தெரியும். அதில் ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டாகப் பிரிந்து நின்றது ஒரு மேப்பிள். சாடியில் குள்ளமாக வளர்க்கிற பொன்சாய் மரம், நின்றால் என் இடுப்புக்கும் வராது. பெரிய தண்டு அத்தான், சின்னத் தண்டு அக்கா. புரட்டாதி பிறக்கும் முன்பே பெரிய தண்டின் இலைகள் ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கிவிடும். சின்னது அப்போதும் பச்சையாகவே நிற்கும். உடனே அக்கா எனக்கு ஃபோன் எடுப்பாள். "தம்பி, அவர் சிவந்திட்டார்." அந்தக் குரலில் புதுப் பெண்ணின் வெட்கம்கூட இருக்கும். "ஓம் அக்கா, நல்லது" என்பேன். வேறு என்ன சொல்வது? அத்தான் காணாமல் போனபோது பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்த அக்காவின் மகள், என் மருமகள், பல்கலைக்கழகம் முடித்து வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள். இத்தனை காலத்தில் அக்காவுக்கு அவரைப் பற்றி வந்துகொண்டிருந்த ஒரே செய்தி அதுதான். அதையும் தட்டிவிட எனக்கு வாய் வரவில்லை.

அத்தான் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர். ஜெர்மனியில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறார். அந்த உணவகத்தின் முன்வாசலில் ஒரு பொன்சாய் மரம் இருந்ததாம். முதலாளி யாரையும் அதற்குக் கிட்டப் போக விடமாட்டாராம். பிறகு ஒருநாள் அத்தானைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னாராம். இந்தக் கதையை அத்தான் பெரிய பதவி கிடைத்த கதைபோலச் சொல்வார். லண்டனில் அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூக்கன்று வாங்கவென்று போன இடத்தில், விலை குறைத்து ஒதுக்கி வைத்திருந்த கன்றுகளுக்குள் இலை கருகிப்போய் நின்ற இந்த மேப்பிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காசு குடுத்து விறகு வாங்கின ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று அக்கா வாசலிலேயே நின்று பேசினாள். அத்தான் சிரித்துக்கொண்டே இரண்டு தண்டையும் காட்டி, பெரிசு நான், சின்னன் நீ என்றார்.

"ஏன், பெரிசு நானாய் இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"உயரத்தைப் பார்த்துச் சொன்னனான். அதிகாரத்தைப் பார்த்தா சின்னன்தான் பெரிசு."

அத்தான் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. ஆனால் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரித்து முடியும்வரை தான் சிரிக்காமல் நிற்பார். நான் அப்போது புதிதாக லண்டன் வந்து, அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்து, எலெக்ட்ரீஷியன் வேலை படித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த சட்டையோடு அவர் தோட்டத்துக்குப் போவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கிளைகள் வளைய வேண்டிய பக்கத்துக்கு வளைய மெல்லிய அலுமினியக் கம்பி சுற்றுவார். கோடை வந்ததும் ஒவ்வொரு கம்பியாகத் தேடித் தேடி வெட்டி எடுப்பார். "மறந்து விட்டா மரம் தடிச்சுக்கொண்டு வந்து கம்பியை விழுங்கிப்போடும்" என்பார். ஒருமுறை ஒரு சின்னக் கிளையில் மறந்துபோன கம்பி பட்டைக்குள் இறங்கியிருந்தது. அன்று முழுக்க மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சுள்ளிக்கு இவ்வளவு துக்கமா என்று நாங்கள் பகிடி பண்ணினோம்.

அவருடைய தாய் வன்னியில் தனியாக இருந்தா. சண்டை திரும்பவும் தொடங்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. தாயைக் கொழும்புக்குக் கூட்டி வந்து, ஒரு அறை பார்த்து இருத்திவிட்டு வருகிறேன் என்று அத்தான் லீவு போட்டுவிட்டுப் போனார். போகும்போது அக்காவுக்குச் சொன்னது மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பிள்ளையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை, அது அவளுக்குத் தெரியும்தானே என்று நினைத்திருப்பார். பிறகு பாதை பூட்டிவிட்டார்கள். யாரோ ஒருவரின் சட்டலைற் ஃபோனிலிருந்து ஒருமுறை கதைத்தார், தாய்க்குக் காய்ச்சல் என்றார். பிறகு இல்லை. தாய் இறந்த செய்தி ஒரு முகாமிலிருந்து வந்த ஆள் மூலம் வந்து சேர்ந்தது. அத்தானைப் பற்றிக் கேட்டால், கண்டோம் என்றவர்களும் உண்டு, காணவில்லை என்றவர்களும் உண்டு. கண்டோம் என்றவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடம் சொன்னார்கள்.

செத்த வீடு என்றால் ஊர் கூடும், அழும், சமைக்கும், முப்பத்தோராம் நாள் கழியும். காணாமல் போனவர் வீட்டுக்கு அப்படி ஒரு நாளும் இல்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. திவசம் இல்லை. யாராவது அவரைப் பற்றி "இருந்தார்" என்று சொல்லிவிட்டால் "இருக்கிறார்" என்று உடனே திருத்துவாள். கந்தசஷ்டி வந்தால் இரண்டு ரயில் மாறி ஆர்ச்வேயில் இறங்கி, மூச்சு வாங்க மேடேறிக் கோவிலுக்குப் போவாள். ஆறு நாளும் விரதம். போகும் வழியில் கடையில் மஞ்சள் நூல் வாங்கி, சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு வருவாள். கோவிலில் அவள் கையில் காப்புக் கட்டுவார்கள். வீட்டுக்கு வந்து இந்த நூலை மரத்தின் பெரிய தண்டில் கட்டுவாள். அது அவருக்குக் காப்பு. விரதம் முடிய அவளுடைய காப்பு அவிழும். அவருடையதை அவிழ்ப்பதில்லை. அது தானாக இற்று விழவேண்டும், விழுகிற வருடம் அவர் வருவார் என்பது அவள் வைத்த நேர்த்திக்கடன். ஊரில் நூல் பருத்தி. ஒரு மழைக்காலம் தாங்காது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தொடக்கத்தில் வாய்விட்டுச் சண்டை போட்டேன். "அக்கா, இனி எங்கே இருந்து வரப் போறார், சொல்லு பார்ப்பம்" என்று ஒருநாள் கத்தியதற்கு, அவள் எனக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. ஆனால் மரத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். குசினியில் அக்கா மீன் வெட்டிக்கொண்டே யன்னலுக்கு வெளியே பார்த்து, "என்ன, குளிருதோ" என்று கேட்பாள். என்னைக் கேட்கிறாளாக்கும் என்று நானும் சில தடவை பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பனிக்காலத்தில் சாடியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான்தான் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தேன். மேப்பிளுக்குக் குளிர் வேண்டும் என்று அத்தானே சொன்னதை நினைவுபடுத்தியபிறகுதான் விட்டாள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் அவருடைய கதிரையில் இருப்பதில்லை. நானும் இருந்ததில்லை.

மருமகளுக்குக் கல்யாணம் பேசிவந்தபோதுதான் எல்லாம் நெருக்கடிக்கு வந்தது. பேச்சு என்ன, அவளே பார்த்து அவளே முடித்த பையன்தான், இல்ஃபோர்ட் பக்கம். இரண்டு குடும்பத்துக்கும் சந்தோஷம். கோடையில் கல்யாணம், மண்டபம் எடுத்தாயிற்று. கார்ட் அடிக்கக் கொடுக்கும்போது அச்சகக்காரர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? திருவா, அமரரா? எங்கள் ஆட்களின் கல்யாணக் கார்டில் இந்த இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். அமரர் என்று போட்டால், அக்கா அன்றிலிருந்து விதவை. திரு என்று போட்டால், மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தகப்பன் எங்கே என்று கேட்பார்கள். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க ஏன் மாமனும் மாமியும் மணவறையில் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். மருமகள் என்னைத் தனியாகப் பிடித்து, "மாமா, நான் அம்மாவைக் கேக்க மாட்டன். என்னால ஏலாது" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், அப்பாவின் குரல்கூட எனக்கு நினைவில்லை, ஆனால் அவரைச் சாகடிக்கிற ஆளாக நான் இருக்க மாட்டேன் என்றாள். கேட்க வேண்டியவன் நான். நாளை கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்த மாசி மாதத்தில்தான் அந்தப் பெருங்காற்று அடித்தது. பக்கத்து வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் இருந்த வேலிப் பலகை ஒன்று கழன்று பறந்து, நேரே போய் மேப்பிளில் விழுந்தது. அக்கா ஃபோனில் அழவில்லை. "தம்பி, அவர் முறிஞ்சு போனார்" என்று மட்டும் சொன்னாள். நான் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். பெரிய தண்டு இடையில் முறிந்து, ஒரு பக்கப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் போவதற்குள் அக்கா அதை நிமிர்த்தி, முறிவில் மஞ்சளும் திருநீறும் குழைத்து அப்பி, அத்தான் இடுப்பில் கட்டிய பழைய சாரத்தில் கிழித்த துண்டால் கட்டுப் போட்டிருந்தாள். சின்னத் தண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "மரம் நிண்டா அவர் நிக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். "ஆரையாவது கூட்டிக்கொண்டு வா. இதைத் தெரிஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா."

எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். தமிழ்நாட்டுக்காரர், முறிந்த எலும்புக்கு ஒப்பரேஷன் செய்கிற டொக்டர். ஹரோவில் அவர் வீட்டுத் தோட்டத்துக்கு விளக்குப் போடப் போனபோது, மேசை மேசையாகப் பொன்சாய் மரங்களைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் சனிக்கிழமையே வந்துவிட்டார். அக்கா போட்ட கட்டைப் பார்த்து, "கட்டு நல்லாத்தான் போட்டிருக்கீங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லி, மெதுவாக அவிழ்த்தார். முறிவைக் கழுவினார். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காத்துல முறிஞ்ச மரம் இப்படி முறியாதே," என்றார். "இங்க பாருங்க, சுத்திவர ஒரே மட்டத்துல பள்ளம். உள்ள கட்டையெல்லாம் காஞ்சு ரொம்ப நாளாச்சு. மேல் பாதி எப்பவோ போயிருக்கணும், ஏதோ ஒரு ஓரமாத் தண்ணி ஏறித்தான் இவ்வளவு நாள் இலை விட்டிருக்கு."

சின்னக் கத்தியால் பட்டையின் மடிப்பைக் கீறி, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. மேலே கிடந்தது சாயம் போய் அழுக்கு நிறத்தில் இருந்தது. உள்ளே இருந்தது, நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி, பளிச்சென்ற மஞ்சள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், வருடக்கணக்கான காப்பு.

"இது என்னம்மா?"

"காப்பு நூல்," என்றாள் அக்கா.

டொக்டர் அதை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். அறவில்லை. "நைலான்மா இது. மக்காது." அவருக்குப் பின்னால் நின்று நான் கண்ணைக் காட்டுகிறேன், தலையை ஆட்டுகிறேன். மனிதர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்.

"கம்பிதான் கூடாது எண்டு அவர் சொன்னவர்," என்றாள் அக்கா. "இது நூல்தானே எண்டு… டொக்டர், உண்மையைச் சொல்லுங்கோ. நான்தானோ நெரிச்சனான்?"

"வேணும்னு யாராவது செய்வாங்களாம்மா? மரம் பெருத்துச்சு, நூல் பெருக்கல. மேல போற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு."

"அப்ப அவர் முதல் முதல் சிவக்கிறது?"

"கஷ்டப்படுற மரம் முன்னாடியே சிவக்கும்மா," என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அந்த மனிதரைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போல இருந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன, நாக்கு அழுகிவிடுமா? நோயாளியிடம் பேசிப் பழகிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் அக்கா ஆடவில்லை, அசையவில்லை. அந்த நூல் சுருளை டொக்டரின் கையிலிருந்து வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். "தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனாள். கேத்தில் கொதித்து நின்றபிறகும் நெடுநேரம் அவள் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

தேநீர் குடித்துக்கொண்டே டொக்டர் மூன்று வழி சொன்னார். பொன்சாயில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு முறை இருக்கிறதாம், அடிபட்ட மரம் எந்த முறைக்குப் போகும் என்று அதன் காயத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டுமாம். நூலுக்குக் கீழே இருந்த கட்டை உயிரோடு இருந்தது. அதில் மொட்டுக்கூட இரண்டு மூன்று வீங்கியிருந்தன. அதில் ஒன்றை வளரவிட்டு மீண்டும் இரட்டைத் தண்டாக்கலாம், ஆனால் மரம் என்று சொல்லும்படி வரப் பல வருடம் ஆகும். அல்லது கட்டையைப் பட்டை உரித்து, மருந்து பூசி வெளுக்கவைத்து, செத்த மரமாகவே பக்கத்தில் நிறுத்தலாம். வேறு மரங்களில் அது அழகு, மேப்பிளில் சீக்கிரம் உளுத்துவிடும். மூன்றாவது, கட்டையை அடியோடு எடுத்துவிடுவது. சின்னத் தண்டு இத்தனை காலமும் பெரியதன் நிழலுக்கு விலகி வெளிச்சத்துக்காக ஒரு பக்கம் சரிந்து வளர்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நிமிர்த்தி, சாடியின் நடுவுக்குக் கொண்டுவந்தால் நல்ல ஒற்றை மரம். "ரெண்டு வருஷத்துல இங்க இன்னொண்ணு இருந்த அடையாளமே தெரியாது" என்றார். ஒரு தோல்வி இல்லாத ஒப்பரேஷனைச் சொல்கிற குரலில் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து மருமகள் வந்து சேர்ந்தாள், கையில் ஃபோன். அச்சகக்காரர் அன்றைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார். மரத்தையும் எங்கள் முகங்களையும் பார்த்துவிட்டு, "அம்மா, திரு எண்டே போடுவம். ஆர் கேக்கிறது?" என்றாள். அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"மூண்டாவதைச் செய்யுங்கோ டொக்டர். ஆனா நிமித்த வேண்டாம். நடுவுக்கும் கொண்டுவர வேண்டாம். சரிஞ்சது சரிஞ்சபடி நிக்கட்டும்."

"சாடி பாதி காலியாத் தெரியுமேம்மா. அது எந்த முறையிலயும் சேராது. பாக்கிறவங்களுக்கு என்னமோ குறையுதுன்னு தோணும்."

"ஓம்," என்றாள் அக்கா. "குறையுதுதானே."

பிறகு மகளிடம் திரும்பி, "பிள்ளை, அப்பாவுக்கு முன்னால அமரர் எண்டு போடச் சொல்லு" என்றாள். மருமகள் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். அக்கா அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நூல் விழும், நூல் விழும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்திட்டன் தம்பி. அது விழாத நூல்." பத்துப் பதினைந்து வருடமாக நான் அவளிடம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது வெட்டினால் தண்ணீர் கொட்டும், வசந்தத்துக்கு முன்னால் மேப்பிளின் வேர் நீரை மேலே தள்ளுகிற நேரம் இது, இலை விரிந்தபிறகு மே மாதம் வெட்டலாம் என்றார் டொக்டர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மே மாசம் வரைக்கும் இருந்தா எனக்கு மனம் மாறிப்போம்" என்றாள். கார்ட் வீட்டுக்கு வருவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று அடுத்த ஞாயிறே நாள் குறித்தாள். நாங்கள் போனபோது தலை முழுகி, ஈரக் கூந்தலை முடியாமல் விட்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தும் வெறுமை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்காவைப் பொட்டில்லாமல் நான் பார்த்ததில்லை, எங்கள் அம்மாவின் கடைசிக்கால முகம் வந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. டொக்டர் மரம் அறுக்கிற சின்ன வாளை எடுத்ததும், "தாருங்கோ, நான் செய்யிறன்" என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். எங்கே வைத்து அறுப்பது என்று மட்டும் விரலால் காட்டினார்.

கட்டை சாய்ந்ததும் வெட்டுவாயில் நீர் கசிந்தது. முதலில் வியர்த்தாற்போல, பிறகு துளி துளியாகச் சேர்ந்து சாடியின் பாசியில் வடிந்தது. டொக்டர் அவசரமாகப் பசை பூசினார், பசையைத் தள்ளிக்கொண்டு நீர் வந்தது. வெள்ளைத் துணியால் ஒற்றினார், ஒற்றிய இடத்தில் மறுபடியும் வந்தது. அக்கா வாளைக் கீழே போட்டுவிட்டாள்.

"உயிர் இருந்திருக்குது," என்றாள். "இவ்வளவு நாளும் உயிரோடதான் நிண்டிருக்கிறார்."

அது வேரின் அழுத்தம்மா, சின்ன மரத்துக்கும் அதே வேர்தான், நாலைந்து நாளில் தானாக நின்றுவிடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கேட்கவில்லை. புல்லில் அப்படியே இருந்து, சேலைத் தலைப்பால் அந்த வெட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். தலைப்பு நனைந்து இருண்டது. நான் தோளில் கை வைத்து எழுப்பப் பார்த்தேன், எழும்பவில்லை. இருட்டத் தொடங்கியபிறகுதான் மருமகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலை ஃபோன் வந்தது. "தம்பி, இன்னும் நிக்கேல்லை." அதற்கடுத்த நாளும் வந்தது. நான் வேலையில் ஒரு வீட்டுக் கூரைக்குள் படுத்து வயர் இழுத்துக்கொண்டே, நின்றுவிடும் அக்கா, நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கார்ட் பெட்டிகள் வந்து இறங்கிய அன்றும் அது கசிந்துகொண்டுதான் இருந்தது.

அத்தானின் அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்கிற கிரியை, முறைப்படி நடந்தது. ஐயர் வந்து, உடல் இல்லாதவருக்குச் செய்கிற விதத்தில் தர்ப்பையில் உருவம் செய்து, செய்யவேண்டியதைச் செய்தார். கல்யாணமும் நடந்தது. மணவறையில் நானும் மனைவியும் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தோம். அக்கா பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மருமகள் தாலி ஏறும் முன் திரும்பிப் பார்த்து, "அம்மா இஞ்ச வராட்டி நான் குனிய மாட்டன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். ஐயர் முழித்தார், மாப்பிள்ளையின் தாய் தானே எழும்பிப் போய் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தா. கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் என்னைத் தட்டி, "இப்பத்தான் உன்ர அக்கா நல்ல முடிவெடுத்திருக்கிறா. எவ்வளவு காலத்துக்கு உப்பிடி இருக்கிறது" என்றார். நானும் அதே வாயால் அதே வார்த்தையை எத்தனை தடவை சொன்னவன். ஆனால் அந்த ஆளுக்கு முன்னால் பாதிச் சோற்றை அப்படியே விட்டேன். எழும்பிக் கை கழுவிவிட்டேன்.

மரம் பிழைத்துக்கொண்டது. ஒரு பக்கம் சரிந்து, சாடியின் விளிம்புக்கு மேலாகக் கையை நீட்டியபடி நிற்கிறது. மறுபாதியில் வெறும் பாசி. அக்கா தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் ஊற்றுகிறாள். குசினியில் நின்று பார்க்கிற எவருக்கும், யாரோ ஒருவர் இப்போதுதான் அதன் பக்கத்திலிருந்து எழும்பிப் போன மாதிரித் தெரியும். பொன்சாய் பற்றி ஒன்றும் தெரியாத என் மனைவிகூட ஒருநாள் யன்னலால் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். டொக்டர் இன்னமும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வந்தால் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

வெட்டின இடத்தில் ஏதாவது துளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் வடிவம் கெட்டுவிடும் என்று அவர் எங்கள் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து, மருமகள் இல்ஃபோர்டுக்குக் குடிபோய், வீட்டில் அக்கா தனித்துப்போன ஆவணி மாதம், ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. "தம்பி, ஒருக்கா வாவன்." என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. போனேன். வெட்டுவாயின் ஓரத்தில், ஆறத் தொடங்கியிருந்த பட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு குருத்து வந்திருந்தது. விரல் நீளம்கூட இல்லை, நுனியில் இரண்டு இலை. டொக்டர் தந்த கத்தரிக்கோல் செங்கல்லின்மேல் தயாராக இருந்தது. அக்கா அதை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். குனிந்தேன். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு சுள்ளி. ஒரு நொடி வேலை. கையை அதற்குக் கிட்டக் கொண்டுபோய், அப்படியே நின்றுவிட்டேன்.

"டொக்டர் கிள்ளச் சொன்னவர் அக்கா."

"ஓம். எனக்கும் சொன்னவர்."

"அப்ப நீயே செய்யன்."

அவள் குருத்தைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒருக்காச் செய்திட்டன் தம்பி," என்றாள். "ரெண்டாந்தரம் என்னட்டைக் கேக்காத."

கத்தரிக்கோலைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.